ஐந்து சைக்கிளின் வேலையை ஒன்று செய்யுமா? கல்வராயன் ஏற்றத்தில் ஒரு வரவு செலவுக் கணக்கு

ஒரு பக்கம் 5 சைக்கிள், 1,25,000 ரூபாய், 71 கிலோ, 10 டயர். மறுபக்கம் 1 சைக்கிள், 72,500 ரூபாய், 14 கிலோ, 4 டயர். சைக்கிளில் ஆர்வம் வந்த எவரும் சில வருடங்களில் முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நெடுஞ்சாலைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, நீண்ட பயணத்துக்கு ஒன்று என்று திண்ணை நிறைகிறது. இரண்டாவது பக்கம் போதுமா என்பதைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைக்குப் போனால் மலையின் கால் தொடங்குகிறது. மேலே சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 2,700 அடி, பெரிய கல்வராயனின் சராசரி 4,000 அடி. தார்ச்சாலை, கரும்புத்தோட்ட வண்டிப்பாதை, கொண்டை ஊசி வளைவு, மலைக் கிராமங்களுக்கு இடையிலான செம்மண் தடம் எல்லாமே ஒரே நாளில் சக்கரத்தின் கீழ் வந்துவிடும்.

எந்த வண்டி?

இங்கே பேசுவது கடையில் பளபளப்பாகத் தொங்கும் ஷாக் அப்சார்பர் வைத்த எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) இல்லை. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் கிடையாது. 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குலம் அல்லது அதற்கும் மேல் அகலமான டயர், இரும்பு ஃபோர்க், பின்னோக்கி நன்றாக வளைந்த ஹேண்டில்பார், முன்னால் ஒரே ஒரு செயின்வீல். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெஃப் ஜோன்ஸ் என்பவர் பல வருடங்களாக இந்த வடிவத்தைச் செதுக்கி வருகிறார். அவருடைய ஹேண்டில்பார் 45 பாகை பின்னோக்கி வளைந்து, நடுவில் ஒரு வளையத்தோடு இருக்கும். ஏற்றத்தில் பின்பிடியைப் பிடித்து நிமிர்ந்து உட்காரலாம். எதிர்காற்றில் வளையத்தைப் பிடித்துக் குனியலாம். சர்லி நிறுவனம் 2005-இல் பக்ஸ்லி என்ற பெருந்தடிமன் டயர் வண்டியையும், 2012-இல் 29 அங்குலச் சக்கரத்தில் 3 அங்குல டயர் போட்ட கிராம்பஸையும் கொண்டுவந்தது. அவையும் இதே குடும்பம்தான்.

இதைப் புதுமை என்று சொன்னாலும் வேர் பழையது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதி மலையில் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியபோது ஓடியவை பழைய பலூன் டயர் வண்டிகள். அவற்றில் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் சந்தைக்கு வந்ததே 1989-இல்தான். அதுவரை மலைச் சைக்கிளுக்கு டயர்தான் ஷாக் அப்சார்பர்.

அந்த வண்டிகளை இறக்குமதி செய்யும் பேச்சை இங்கே விட்டுவிடுவோம். அவற்றின் கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் ஊரில் கிடைக்கும் 29 அங்குல எம்.டி.பி. ஒன்றை அப்படி மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

வாங்கும் செலவு

கீழே இருப்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட நடுத்தர விலைகள். உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். விகிதம் பெரிதாக மாறாது.

ஐந்து வண்டிகள்:
- ரோடு பைக் (10 கிலோ): 35,000
- ஹைபிரிட் (12 கிலோ): 18,000
- ஸ்பிரிங் ஃபோர்க் எம்.டி.பி. (15 கிலோ): 25,000
- டூரிங் வண்டி (14 கிலோ): 40,000
- கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிள் (20 கிலோ): 7,000
- மொத்தம்: 1,25,000 ரூபாய்

ஒரே வண்டி:
- 29 அங்குல எம்.டி.பி.: 40,000
- ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க்: 7,000
- பின்வளைந்த ஹேண்டில்பார்: 3,500
- முன்னால் 30 பல், பின்னால் 11 முதல் 46 பல், கியர் மாற்றும் உறுப்புகள்: 9,000
- 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர் ஒரு ஜோடி: 6,000
- 50 மில்லிமீட்டர் வழவழப்பான சாலை டயர் ஒரு ஜோடி: 4,000
- கேரியர்: 3,000
- மொத்தம்: 72,500 ரூபாய்

வித்தியாசம் 52,500 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மேலே உள்ளவை புதிய வரியோடு சேர்ந்த விலைகள் என்றால், பழைய வரியில் ஐந்து வண்டிகள் 1,33,333 ரூபாயும், ஒரு வண்டி 77,333 ரூபாயும் ஆகியிருக்கும். வரி குறைந்ததால் ஐந்து வாங்குபவருக்கு 8,333 ரூபாய் மிச்சம். ஒன்றோடு நிறுத்திக்கொள்பவருக்கு அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் மிச்சம்.

ஃபோர்க்கை மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். ஸ்பிரிங் ஃபோர்க் ஆள் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்கும். வண்டியின் கோணங்கள் அந்த அமுங்கிய உயரத்துக்குத்தான் வகுக்கப்பட்டிருக்கும். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் மேல்முனை (கிரவுன்) வரை அதே உயரம் வரும் இரும்பு ஃபோர்க்கைத் தேடிப் போட வேண்டும். குட்டையாக ஒன்றைப் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து, இறக்கத்தில் ஹேண்டில் அலைபாயும். பெடலும் கல்லில் தட்டும். ஃபிரேமின் பின்கவையில் 2.4 அங்குல டயருக்கு இருபுறமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். மழைக்காலச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு வரும்போது அந்த இடைவெளிதான் சக்கரத்தைச் சுற்ற விடும்.

தார்ச்சாலைக் கணக்கு

65 கிலோ எடையுள்ள ஆள், தண்ணீரும் கருவிகளுமாக 5 கிலோ. சக்கரத்தில் போய்ச் சேரும் சக்தி 150 வாட். நன்றாகப் பழகியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் கொடுக்கக்கூடிய அளவு இது. காற்றில்லாத சமதளத்தில் 40 கிலோமீட்டர்:

- ரோடு பைக்: மணிக்கு 29.8 கி.மீ., 1 மணி 21 நிமிடம்
- ஒரே வண்டி, சாலை டயர், குனிந்த பிடி: மணிக்கு 27.3 கி.மீ., 1 மணி 28 நிமிடம்
- ஒரே வண்டி, மொத்தை வைத்த 2.4 அங்குல டயர், நிமிர்ந்த பிடி: மணிக்கு 24.7 கி.மீ., 1 மணி 37 நிமிடம்

டயரை மாற்றிக்கொண்டால் இழப்பு 7 நிமிடம். மாற்றாமல் போனால் 16 நிமிடம். வித்தியாசத்தில் பெரும்பகுதி வண்டியின் எடையால் வருவதில்லை. சமதளத்தில் 4 கிலோ கூடுதல் எடை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. நேரத்தைத் தின்பவை நெஞ்சில் மோதும் காற்றும் டயரின் உருளல் தடையும்தான். இந்த இரண்டையும் குனிந்த பிடியாலும் வழவழப்பான டயராலும் பாதிக்கு மேல் ஈடுகட்டிவிட முடிகிறது.

அந்த 16 நிமிடத்தைத் திரும்பப் பெற எவ்வளவு மண்பாதை வேண்டும்? ரோடு பைக்கின் 28 மில்லிமீட்டர் டயரோடு உழவுத்தடத்தில் இறங்க முடியாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் 2 கிலோமீட்டர் தள்ள 30 நிமிடம். அகல டயர் வண்டியில் மணிக்கு 12 கி.மீ. போனாலும் 10 நிமிடம். மிச்சம் 20 நிமிடம். அதாவது 40 கிலோமீட்டர் தாரில் இழந்த மொத்தத்தையும் 2 கிலோமீட்டர் மண் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

அரவைக் காலத்தில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வரும்போது, இருபுறமும் பிதுங்கி நிற்கும் சுமை பாதிச் சாலையை விழுங்கிவிடும். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடிக்கும். அந்த நேரத்தில் தாரின் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்கத் தயங்காத டயர் வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடைப் பள்ளம் இருந்தால், 75 பி.எஸ்.ஐ. காற்றடித்த ஒல்லி டயர் அதில் வழுக்கி ஆளைச் சாய்க்கும். 22 பி.எஸ்.ஐ. காற்றோடு 61 மில்லிமீட்டர் அகலம் உள்ள டயர் இறங்கி, ஓடி, மறுபடி ஏறிக்கொள்ளும். குறுக்குவெட்டுப் பரப்பில் அது ஒல்லி டயரைப்போல 4.7 மடங்கு. காற்று அவ்வளவு கூடுதலாக இருப்பதால்தான் அழுத்தத்தை இவ்வளவு குறைக்க முடிகிறது. ரிம்மும் கல்லில் அடிபடுவதில்லை.

ஏற்றக் கணக்கு

மலைச்சாலைக்கு ஒரு மாதிரி: 10 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம், அதாவது சராசரி 6 சதவீதம். நடுநடுவே 10 சதவீதத் துண்டுகள். அதே 150 வாட்.

ரோடு பைக் மணிக்கு 10.2 கி.மீ. வேகத்தில் 59 நிமிடத்தில் ஏறும். ஒரே வண்டி மணிக்கு 9.1 கி.மீ. வேகத்தில் 66 நிமிடம் எடுக்கும். இங்கேயும் இழப்பு 7 நிமிடம்தான். ஆனால் 10 சதவீதத் துண்டு வந்ததும் படம் மாறுகிறது. ரோடு பைக்கின் மிகச் சிறிய கியர் (முன் 34, பின் 28) ஒரு மிதிச்சுற்றுக்கு 2.59 மீட்டர் நகர்த்தும். 150 வாட்டில் நிமிடத்துக்கு 42 சுற்றுதான் வரும். முட்டி நொந்துபோகும் வேகம் அது. ஒரே வண்டியின் சிறிய கியர் (முன் 30, பின் 46) சுற்றுக்கு 1.50 மீட்டர். நிமிடத்துக்கு 66 சுற்று, உட்கார்ந்தபடியே. அதே வண்டியின் பெரிய கியரில் (முன் 30, பின் 11) நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கி.மீ. கிடைக்கிறது. ஆக 1.50 மீட்டரிலிருந்து 6.27 மீட்டர் வரை ஒரே செயின்வீல் போதும். வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது உண்மையில் இந்தப் பல்சக்கர அடுக்குதான். அகல டயர் அதற்குத் துணை.

இறக்கத்துக்கும் ஒரு வரி. 84 கிலோ மொத்த எடையை 600 மீட்டர் இறக்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 494 கிலோஜூல். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிதானமாக இறங்கினால் அதில் 55 சதவீதத்தைப் பிரேக்கே தாங்க வேண்டும். 24 நிமிடத்துக்குத் தொடர்ந்து சுமார் 190 வாட் வெப்பம். இரண்டு டிஸ்க் பிரேக்குகள் பகிர்ந்துகொண்டால் இது எளிது. கறுப்புச் சைக்கிளின் கம்பி பிரேக் ரப்பருக்கு, அதுவும் ரிம் நனைந்திருக்கும் ஐப்பசி மழையில், எளிதே அல்ல. டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியோடு கல்வராயன் மேலுள்ள வெள்ளிமலையிலிருந்து இறங்க வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உருப்படிகளும் ஆண்டுச் செலவும்

ஐந்து வண்டிகளில் 5 செயின், 10 பெடல், 10 டயர், 10 ட்யூப். சக்கரம், ஹேண்டில், பெடல் தண்டின் நடு அச்சு (பி.பி.), பெடல் என்று பால்ரஸ் உட்காரும் இடங்கள் வண்டிக்கு 12 வீதம் 60. டயர் அளவுகளிலும் வால்வுகளிலும் ஒன்றுக்கொன்று சேராதவை பல: ரோடு பைக்குக்கு ஒல்லி வால்வு, எம்.டி.பி.க்கு மோட்டார் சைக்கிள் வால்வு, கறுப்புச் சைக்கிளுக்கு வால்ட்யூப். வழியில் பஞ்சர் ஆனால் எந்தப் பம்பு எதற்குச் சேரும் என்பதே ஒரு கவலை. ஒரே வண்டியில் இவை எல்லாம் ஒரு வரிசைக்குள் அடங்கும். இடத்தைப் பார்த்தால், வண்டிக்கு 1.8 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம் வைத்து ஐந்துக்கு 58 சதுர அடி, ஒன்றுக்கு 12.

ஆனால் ஆண்டுச் செலவில் ஒன்றே மலிவு என்று நினைத்தால் கணக்கு வேறு சொல்கிறது. வருடத்துக்கு 3,000 கி.மீ. ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம்.

ஐந்து வண்டி, ஒவ்வொன்றும் 600 கி.மீ.:
- ஓவராயில், 5 முறை, தலா 800: 4,000
- வெயிலில் வெடித்து வருடத்துக்கு 2 டயர்: 1,800
- துருப்பிடித்து வருடத்துக்கு ஒரு செயின்: 600
- ட்யூப், பஞ்சர்: 500
- மொத்தம்: 6,900

ஒரே வண்டி, 3,000 கி.மீ.:
- ஓவராயில், 2 முறை: 1,600
- டயர் தேய்மானம் (ஜோடிக்கு 4,000 கி.மீ.): 3,750
- ட்யூப்லெஸ் பசை, 2 முறை: 800
- செயின்: 1,800
- மொத்தம்: 7,950

ஒரே வண்டி வருடத்துக்கு 1,050 ரூபாய் அதிகம் கேட்கிறது. ஐந்தில் பகிர்ந்த தூரம் ஒன்றின் மேல் விழுவதால் நல்ல டயரும் நல்ல செயினும் வேகமாகத் தேய்கின்றன. பத்து வருடம், 30,000 கிலோமீட்டர் என்று வைத்துக் கூட்டினால் ஐந்து வண்டிக்கு 1,94,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 6.47. ஒரே வண்டிக்கு 1,52,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 5.07. ட்யூப்லெஸ் டயரைக் கழற்றி மாட்டுவது பசை ஒழுகும் வேலை. அதற்கு அலுத்து, பல்லடுக்கும் டிஸ்க்கும் சேர்த்து இன்னொரு ஜோடிச் சக்கரம் 14,000 ரூபாய்க்கு வாங்கி வைத்தால் 1,66,000, கிலோமீட்டருக்கு 5.53. அப்போதும் 28,000 ரூபாய் கையில் நிற்கும். என் பரிந்துரை அந்த இரண்டாவது ஜோடிச் சக்கரம்தான். சக்கரம் மாற்ற ஐந்து நிமிடம் ஆகும் என்றால் மாற்றுவோம்; ஒரு மணி நேரம் ஆகும் என்றால் தள்ளிப்போட்டு, பிறகு அதற்கென்று இன்னொரு வண்டி வாங்கத் தொடங்கிவிடுவோம்.

எது போகும், எது நிற்கும்?

ஹைபிரிட், ஸ்பிரிங் எம்.டி.பி., டூரிங் வண்டி ஆகிய மூன்றையும் தயங்காமல் விற்றுவிடலாம். கல்வராயன் தடங்களில் மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் தருவதைவிட அகல டயர் நன்றாகத் தாங்குகிறது. சுமை கட்ட உறுதியான இரும்பு ஃபோர்க்கும் கேரியரும் இருக்கின்றன. ரோடு பைக் நான்காவதாகப் போகும். நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராக 35 கி.மீ. வேகத்தில் போகும் குழுவோடு ஓட்டுபவர் மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும். 7 நிமிட இழப்பு தனியாகப் போகிறவருக்குப் பொருட்டில்லை. குழுவில் அதுவே பின்தங்கிப்போகும் இழப்பு.

கறுப்புச் சைக்கிள் போகாது. சுற்றுக்கு 5.48 மீட்டர் நகரும் ஒற்றைக் கியர் (முன் 44, பின் 18) சமவெளிக்கென்றே அமைந்தது. நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 19.7 கி.மீ. அரிசி மூட்டை, பால் கேன், பின்னால் ஒரு ஆள் என்று எதையும் ஏற்றலாம். எந்தப் பஞ்சர் கடையிலும் பெண்டு எடுக்கலாம். முக்கியமாக, அது வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஆன வண்டி. ஒரே வண்டிக் கணக்கு ஒரு ஆளுக்குத்தான் செல்லும். அப்பா மலைக்குப் போன காலையில் அம்மா கடைக்குப் போக வேண்டும், பிள்ளை டியூஷனுக்குப் போக வேண்டும். அந்த 7,000 ரூபாயை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. ஆகக் கடைசிக் கணக்கு: இரண்டு வண்டி, 79,500 ரூபாய், மிச்சம் 45,500.

ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் கணக்கு

இதுவரை போட்டது ஐந்து வாங்க வசதி உள்ளவர் கணக்கு. கல்வராயன் மலையில் பிளஸ் 1 படிக்கும் மாணவிக்கு வாய்ப்பது ஒரே சைக்கிள். 2001-02-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த நன்மை மிகப் பெரியது. பேருந்து இல்லாத ஊர்களிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பள்ளி வரை கொண்டுவந்தது அந்த வண்டிதான். ஆனால் அதில் கியர் ஒன்றுதான். சமவெளிக்கும் மலைக்கும் ஒரே வண்டிதான்.

கறுப்புச் சைக்கிளின் 5.48 மீட்டர் கியரையே அளவாக வைத்துக்கொள்வோம். 45 கிலோ மாணவி, 20 கிலோ வண்டி, 5 கிலோ புத்தகப் பை. 10 சதவீத ஏற்றத்தில் பெடல் மேல் சுற்று முழுக்கச் சராசரியாக விழ வேண்டிய அழுத்தம் 385 நியூட்டன், அதாவது 39 கிலோ. எழுந்து நின்று முழு எடையையும் மாறி மாறிப் போட்டாலும் ஒரு சுற்றுக்கான சராசரி உடல் எடையில் 64 சதவீதம்தான் வரும். 45 கிலோவுக்கு அது 29 கிலோ. பத்துக் கிலோ குறைகிறது. அவள் இறங்கித் தள்ளுவதற்குக் காரணம் வலுவின்மை இல்லை. வண்டியின் பல் எண்ணிக்கை.

முன்னால் 36 பல், பின்னால் 14 முதல் 34 வரை பல்லடுக்கு போட்டால், பெரிய கியர் சுற்றுக்கு 5.76 மீட்டர்; சமவெளியில் எந்த இழப்பும் இல்லை. சிறிய கியர் 2.37 மீட்டர். அதே ஏற்றத்தில் பெடலுக்குத் தேவை 166 நியூட்டன், 17 கிலோ. உட்கார்ந்தபடி ஏறலாம். கூடுதல் உதிரிபாகங்கள் கடை விலையிலேயே 2,500 ரூபாய்க்குள் அடங்கும். மொத்தக் கொள்முதலில் இன்னும் குறையும்.

ஆகவே ஒரு நல்ல வண்டி பல வண்டிகளுக்கு ஈடாகுமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டிய இடம் சேகரிப்பாளரின் திண்ணை அல்ல, மலைப் பள்ளியின் சைக்கிள் நிறுத்தம். கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை, ஏற்காடு, கொல்லிமலை ஒன்றியங்களுக்கான விலையில்லா மிதிவண்டியில் பின்பல்லடுக்கையும் இரண்டு அங்குல டயரையும் சேர்க்க வேண்டும். கொள்முதல் விவரக்குறிப்பில் இரண்டு வரி கூடினால் போதும்.